மிஷினைக் காட்டும் முன் கையைப் பாருங்கள்

திருப்பூர் பக்கம் விரல் ரேகை வைத்து வருகை பதியும் மிஷின், ரேகை வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டு மாட்டித் தரும் வேலையில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சேரும் பையன்கள் கஸ்டமர் எதிரே உட்கார்ந்ததுமே கேட்லாக்கை விரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அங்கே வேலை செய்கிறவர்களின் கையை.

இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு சாயப்பட்டறை. தொழில் தொடங்கிய புதிது. நூற்றிருபது பேர் வேலை செய்யும் அந்த இடத்துக்கு ரேகை மிஷின் விற்றுவிட்டேன். சாயத்திலும் சோடாவிலும் ஊறி ஊறி அவர்கள் விரல்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. காலையில் கேட்டில் ஒரே குரல்: "ரேகை விழலைங்க." மூன்றாம் நாள் ஓனர் கூப்பிட்டு, "தம்பி, உங்க மிஷினுக்குப் பக்கத்துல ஒரு நோட்டும் வாங்கி வெச்சுட்டேன்" என்றார்.

சிமென்ட், சுண்ணாம்பு, பூண்டு உரிக்கும் வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை எல்லாம் இதே கதைதான். ரேஷன் கடையில் பாட்டிமார் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயதானாலும் ரேகை மங்கும். அதனால் டெமோ மிஷினை எடுத்துப் போகும்போது மேனேஜர் விரலில் காட்டாதீர்கள், அது விழத்தான் செய்யும். இருப்பதிலேயே மோசமான கை உள்ள பத்துப் பேரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நாலு பேருக்கு விழவில்லை என்றால் முகம் பார்க்கும் மிஷின் அல்லது கார்டு என்று சொல்லிவிடுங்கள். முக மிஷினைக் காலை வெயில் நேராக விழும் இடத்தில் மாட்டக் கூடாது. ரேகைதான் என்று முடிவானால், ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல் பதியுங்கள். நுனி மட்டும் அல்ல, சுழி இருக்கும் நடுப்பகுதி கண்ணாடியில் படிய வேண்டும். பதிவன்று செய்யும் அவசரம்தான் அப்புறம் வருஷம் முழுக்கப் புகாராக வரும்.

அடுத்தது கூட்டம். ஷிப்டுக்கு 300 பேர், ஆளுக்கு 4 விநாடி என்றால் ஒரு மிஷினில் 20 நிமிஷ வரிசை. இந்தக் கணக்கை ஓனர் முன்னாலேயே பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவது மிஷினை அவரே கேட்பார்.

வருகைப் பதிவும் பாதுகாப்பும் ஒன்றுதான் என்று பல கஸ்டமர்கள் நினைக்கிறார்கள். கேட்டில் உண்மையான ஆளை மிஷின் மறுத்தால் தொல்லை. லாக்கர் அறையில் தவறான ஆளை அது ஏற்றுக்கொண்டால் நாசம். ஒரு ஒப்பீட்டில் லட்சத்தில் ஒரு தவறு என்று கேட்லாக்கில் போட்டிருந்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே ஆயிரம் விரல் பதிந்திருந்தால், வெளியாள் ஒருவர் விரல் வைக்கும்போது ஆயிரத்தோடும் ஒப்பிடுகிறது. தவறு கிட்டத்தட்ட நூற்றில் ஒன்றாகிவிடும். போலி விரல் வேறு இருக்கிறது. ஜப்பானில் சுதோமு மட்சுமோட்டோ என்ற ஆய்வாளர் 2002-லேயே ஜெலட்டினில் விரல் செய்து பல ரேகை மிஷின்களை ஏமாற்றிக் காட்டினார். ஆகவே பணம், நகை உள்ள அறைக்கு ரேகையோடு ரகசிய எண்ணும் சேர்த்துத்தான் நான் பரிந்துரைப்பது.

விரலைத் திருடுவதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஒரு நகைக்கடையில் வேறு யாரோ மாட்டிய பூட்டைப் பார்க்கப் போனேன். பூட்டைத் திறக்கும் ரிலே என்கிற மின் சுவிட்ச், கதவுக்கு வெளியே இருக்கும் மிஷினுக்குள்ளேயே இருந்தது. ஒரு திருகாணியைக் கழற்றி இரண்டு ஒயரை ஒட்டினேன், கதவு திறந்துகொண்டது. கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. பூட்டைத் திறக்கச் சொல்லும் பெட்டியான கன்ட்ரோலரை உள்ளே வையுங்கள், வெளியே ரேகையைப் படிக்கும் ரீடர் மட்டும் போதும். இன்னொன்று, அட்மின், அதாவது மிஷினை நிர்வகிக்கும் ஆள், யார் என்று பதிவு செய்யாமல் விட்ட மிஷின். பல மலிவு மாடல்களில் அப்படி விட்டால் மெனு பட்டனை அழுத்துகிற எவரும் தன் விரலைத் தானே சேர்த்துக்கொள்ளலாம்.

"ஆதார்ல இருந்தே ரேகையை எடுத்துக்கலாமா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். முடியாது. ஆதார் ரேகையை எந்தக் காரணத்துக்காகவும் பகிரச் சட்டமே இடம் தரவில்லை. நாம் பதிவது தனி. அது மிஷினிலேயே இருக்கிறதா, கம்பெனிக்காரன் சர்வருக்குப் போகிறதா என்று விற்கிறவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சொல் போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா? அமெரிக்காவில் அரசுப் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகை திருடுபோனது 2015-ல் தெரியவந்தது. இங்கேயும் 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில், பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. ஓனர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. அப்போதே சொல்லிவிடுங்கள்: வேலையை விட்டுப் போகிறவரின் ரேகையை அன்றைக்கே அழிக்க வேண்டும், அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்யும் ஆபீஸ் என்றால் நல்ல பூட்டும் இரண்டு சாவியும் போதும் என்று சொல்லிவிட்டு வந்ததும் உண்டு.

ஒப்படைக்கும் நாளில் ஓனரைப் பக்கத்தில் நிற்க வைத்து மெயினை அணைத்து, யூபிஎஸ் ஒயரையும் பிடுங்கிவிடுவேன். காந்தப் பூட்டு கரண்டில்தான் பிடித்திருக்கும், அதனால் கதவு திறந்துகொள்ளும். ஆள் வேலை செய்யும் இடத்தில் அதுதான் சரி. தீப்பிடித்தால் யாரும் விரலைத் துடைத்துக்கொண்டு நிற்க முடியாது. லாக்கர் அறைக்குக் கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் வகை வேண்டும். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறக்க வேண்டும். வெளியிலிருந்து திறக்க ஒரு சாவியும் உண்டு. அதை எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒருவர், "பத்திரமா இருக்கு, லாக்கர் ரூம் டிராயர்ல" என்றார்.