ஐ.சி.யூ. வாசலில் மூத்த மகனிடம் கேட்கக் கூடாதது

ரியாத் ஐ.சி.யூ.வுக்கு ஊரிலிருந்து புதிதாக வரும் டாக்டர்கள், பல வருடம் முன்பு நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். போன வாரமும் ஒருவர். போனை சைலண்டில் போடுங்கள், அரபி தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். சாகும் நிலையில் இருப்பவரின் குடும்பத்திடம் பேசும்போது நாம் செய்யும் தவறுகள் இவை.

"நிறுத்திவிடலாமா?" என்று கேட்பது

எரிச்சல் என் மேல்தான். எழுபதைத் தாண்டிய பெரியவர், வெண்டிலேட்டரில் மூன்றாவது வாரம். கிட்னி போய்விட்டது. தலையணை ஓரம் சின்ன ரேடியோவில் குர்ஆன் ஓடிக்கொண்டிருந்தது. மூத்த மகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சி.பி.ஆர். வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அவர் விருப்பத்தை மதிக்கிறேனாம்! கையிலிருந்த ஜம்ஜம் (மக்காவின் புனித நீர்) பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "என் தகப்பனைக் கொல்ல என்னிடமே சம்மதம் கேட்கிறீர்களா?" அப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. கடைசியில் பெரியவரின் விலா எலும்பு முறிய நாற்பது நிமிடம் அழுத்தினோம்.

அந்தக் கேள்வியே தேவையில்லை. சவூதி ஃபத்வா நிலைக்குழுவின் 12086ஆம் எண் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, ஹிஜ்ரி 1409இலேயே (1988-89) வந்தது. நோய் தீராது, மரணம் ஏறக்குறைய உறுதி என்று நம்பகமான மூன்று நிபுணர்கள் சொன்னால், கருவி வைத்து உயிர்ப்பிக்க வேண்டியதில்லை; உறவினர் கருத்தை இதில் கணக்கில் எடுக்க வேண்டாம், அது அவர்கள் துறையல்ல என்கிறது. பாரம் நம் தோளில். அதற்காக ஃபத்வா எண்ணை முகத்தில் வீசாதீர்கள், அது இதைவிட மோசம். இப்போது நான் உட்கார்ந்து சொல்வது: "நாங்கள் மூன்று பேர் பார்த்துவிட்டோம். நெஞ்சை அழுத்தினால் வேதனைதான், பலன் இல்லை, அதைச் செய்யமாட்டோம். வலி வராமல் பார்த்துக்கொள்வோம். அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்." மகன் அழுவார். ஆனால் தகப்பன் உயிரைத் தான் முடித்ததாக நினைக்கமாட்டார்.

"இன்ஷா அல்லாஹ்"வைச் சம்மதமாக எடுப்பது

"இறைவன் நாடினால்" என்பதுதான் அதன் பொருள், சரி என்பதல்ல. மறுநாளும் போய் உட்காருங்கள்.

மூளைச்சாவையும் கோமாவையும் குழப்புவது

மூளை முழுதும் மீளாமல் செயலிழந்தால் கருவியை எடுக்கலாம் என்று 1986இல் அம்மானில் இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி சொன்னது. கோமாவுக்கு அதைச் சொல்லாதீர்கள்.

இன்னும் எத்தனை நாள் என்று கணக்கு சொல்வது

வேண்டாம்.

கலிமாவுக்கு நேரம் விடாதது

மானிட்டர் இறங்கிய பிறகு குடும்பத்தைக் கூப்பிட்டால், கார் நிறுத்தி வருவதற்குள் முடிந்துவிடும். காதருகே கலிமா என்ற இறைநம்பிக்கை வாக்கியத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும், கட்டிலைக் கிப்லா (மக்காவின் கஅபா) பக்கம் திருப்ப இடம் வேண்டும். எங்கள் மூலைக் கட்டிலைத் திருப்பினால் ஆக்சிஜன் குழாய் எட்டாது. இரண்டு மீட்டர் குழாய் தனியாக டிராயரில் வைத்திருக்கிறோம்.