பாக்கெட் ஹோல் இணைப்பு மேலேறிய கதை

முதலியார்பேட்டையிலுள்ள எங்கள் சிறு பட்டறையில், அலமாரிக் கதவுச் சட்டங்களைப் பாக்கெட் ஹோல் முறையில் (ஒரு சட்டத்தில் சாய்வாகத் துளையிட்டு, அதன் வழியே எதிர்ச் சட்டத்துக்குள் திருகை இறக்கும் முறை) இணைக்கையில், திருகின் கடைசிச் சுற்றில் ஒரு சட்டம் மற்றதைவிட அரை மில்லிமீட்டர் மேலேறி நின்றது. துளையிடும் பிட்டை மாற்றினேன், பசையை மாற்றினேன். நான்கு நாள் வீணாயிற்று. பிட்டைச் சாய்வாகப் பிடித்து வழிநடத்தும் கை ஜிக்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, பெரிய மோட்டார் கொண்ட துளையிடும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கவிருந்த வேளையில், ஓர் இணைப்பை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். துளையின் அடியில் திருகுத் தலை அழுத்திய பளபளப்பான தடம் ஒரு பக்கமாகவே இருந்தது. அதாவது, 15 டிகிரி சாய்வில் இறங்கிய திருகு, எதிர்ச் சட்டத்தைக் கவ்வியதும் தன் சட்டத்தைச் சாய்வின் திசையிலேயே தள்ளியிருக்கிறது. ஆகவே மோட்டாரின் குதிரைத்திறனை (விற்பவர் அதைத்தான் முதலில் சொல்வார்) விட்டுவிட்டு, சாய்வு குறைந்தால் தள்ளலும் குறையும் என்று, 6 டிகிரியில் துளையிடும் இயந்திரத்தைத் தேர்ந்தேன். அது வந்து சேரும்வரை, இரு சட்டங்களின் முகப்பையும் சேர்த்து ஒரு கிளாம்ப் போட்டபின் திருகை இறுக்குகிறேன். விரலால் தடவினாலும் மேடு தட்டுப்படவில்லை, நிம்மதி.