மானியத்துடன் தொழில் கடன் பெறும் வழி: கடலூர் மாவட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு

பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் கூடம், விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை, கடலூர் முதுநகரில் கருவாடு பொதியிடும் நிலையம் என எதைத் தொடங்க நினைப்பவரும் முதலில் கேட்பது, மானியம் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சற்றே பின்னுக்குத் தள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே விளக்கவிருக்கும் திட்டங்களில் பெரும்பாலானவற்றில் பணம் தருவது வங்கி. விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் வங்கிக் கிளையின் முடிவு. கடன் வழங்கப்பட்ட பிறகே மானியம் வந்து சேர்கிறது. எனவே மானியமே வராவிட்டாலும் தவணையைக் கட்டக்கூடிய தொழில்தானா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பின் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

வரிசை தவறினால் வாய்ப்பே கைநழுவிப் போகும் இடம் ஒன்று உண்டு. பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. கைப்பணத்தில் இயந்திரம் வாங்கி, உற்பத்தியையும் தொடங்கிவிட்டு, பிறகு மானியம் கேட்டுச் செல்பவர் ஏற்கெனவே இயங்கும் நிறுவனத்தின் உரிமையாளராகக் கருதப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுவார். ஆகவே கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை இயந்திரங்களுக்கு விலைப்புள்ளி மட்டும் வாங்கி வைத்திருப்பது நல்லது.

இந்தத் திட்டத்தை மத்திய அரசு 2008 முதல் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் வழியாக நடத்திவருகிறது. மாவட்ட அளவில் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலுமான திட்ட மதிப்புக்கு மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 விழுக்காடு, ஊரகத்தில் 25 விழுக்காடு. சிறப்புப் பிரிவினருக்கு முறையே 25, 35 விழுக்காடு. சிறப்புப் பிரிவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத் திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருடன் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் அடங்குவர் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் பட்டியலில் இடம்பெற்ற சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் உரிய சான்றிதழை இணைக்காமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்தால், ஊரகத்தில் பத்து விழுக்காட்டை இழந்துவிடுவார். திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என நீட்டிக்கப்பட்டதாகையால், அதன் பிறகு விண்ணப்பிப்போர் நடப்பு நிலவரத்தை மையத்தில் உறுதிசெய்துகொண்டு படிவத்தை நிரப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பண்ருட்டி வட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் 20 லட்சம் ரூபாயில் முந்திரிப் பதப்படுத்தும் கூடம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய சொந்தப் பங்கு 5 விழுக்காடு, அதாவது ஒரு லட்சம். பொதுப் பிரிவு ஆண் எனில் 10 விழுக்காடு. மீதி 19 லட்சத்தையும் வங்கி கடனாக வழங்கும். அதன் பிறகு வரும் 35 விழுக்காடு மானியமான 7 லட்சம் ரூபாய் அவர் கைக்கு வராது. அவர் பெயரில் மூன்றாண்டு வைப்புத் தொகையாக அதே வங்கியில் முடக்கி வைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான 7 லட்சம் கடனுக்கும் வட்டி போடப்படாது. ஆக, வட்டி 12 லட்சத்துக்கு மட்டுமே ஓடும். மூன்றாண்டு கழித்து, தொழில் நடப்பதை நேரில் சரிபார்த்த பின் அந்த 7 லட்சம் கடனில் வரவு வைக்கப்படும். இடையில் தொழிலை மூடிவிட்டாலோ, தவணை நின்று கணக்கு வாராக் கடனாகிவிட்டாலோ அந்தப் பயன் கிடைக்காமல் போகலாம்.

மூலப்பொருள், கூலி போன்ற அன்றாடச் செலவுகளுக்கான நடைமுறை மூலதனக் கடனை வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்திருப்பவர்களுக்கும் சிக்கல் உண்டு. மூன்றாண்டுக்குள் ஒருமுறையேனும் வங்கி அனுமதித்த அந்தக் கடன் வரம்பை முழுமையாக எடுத்திருக்க வேண்டும். சராசரிப் பயன்பாடும் 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டமாயின் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே மானியம்.

மாநில அரசின் திட்டங்கள் வேறு. வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 3.75 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. வியாபாரத்துக்கும் இது பொருந்தும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான தொழில்களுக்கு அதிகபட்சம் 75 லட்சம் என்ற வரம்புக்கு உட்பட்டு 25 விழுக்காடு மானியமும், அதனுடன் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் தருகிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர் எல்லாவற்றுக்கும் முன்னதாக 2023-இல் தொடங்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்: 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, அதனுடன் 6 விழுக்காடு வட்டிச் சலுகை. கல்வித் தகுதி கேட்பதில்லை, ஏற்கெனவே தொழில் நடத்துவோரும் விரிவாக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

எல்லையோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெட்டிச்சாவடியில் குடியிருந்துகொண்டு பாகூரில் பட்டறை போடுபவருக்குத் தமிழக அரசின் மானியம் வராது. தொழில் அமைவது புதுச்சேரியில் என்பதால் தட்டாஞ்சாவடியில் உள்ள அந்த யூனியன் பிரதேசத்தின் மாவட்டத் தொழில் மையத்தை அணுகி, அங்குள்ள திட்டங்களைத்தான் கேட்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே இதை முடிவுசெய்துவிட வேண்டும்.

முத்ரா கடனைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் மானியம் கிடையாது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை சொத்துப் பிணையின்றிக் கடன் கிடைக்கிறது; தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்கள் 20 லட்சம் வரை பெறலாம். வட்டி வங்கியின் வழக்கமான வட்டிதான். தையலகம், டிபன் கடை, சிறு பழுதுபார்ப்புக் கடை போன்றவற்றுக்கு மானியத் திட்டத்தின் நீண்ட நடைமுறையைக் காட்டிலும் இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

பிணையாகக் கொடுக்க நிலமோ வீடோ இல்லாதவர்கள் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற கடன் உத்தரவாத அறக்கட்டளையைக் குறித்துக் கிளையில் கேட்க வேண்டும். மத்திய அரசும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-இல் அமைத்த இந்த அமைப்பு, கடன் வாராமல் போனால் வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரையிலான கடன்கள் இதன் வரம்புக்குள் வருகின்றன. இந்த உத்தரவாதம் வங்கிக்கு அளிக்கப்படுவது. அறக்கட்டளை வங்கிக்குப் பணம் தந்துவிட்டாலும் கடன் வாங்கியவரின் கடன் அப்படியே இருக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரும். ஆண்டுதோறும் உத்தரவாதக் கட்டணம் உண்டு. அதை வங்கி ஏற்கிறதா, நம் கணக்கில் பிடிக்கிறதா என்று கையெழுத்திடும் முன் கேட்டறிய வேண்டும்.

ஏற்கெனவே ஊறுகாய், மசாலாப் பொடி, பலாப்பழ வற்றல் போன்றவற்றைத் தயாரிப்போருக்கு உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் மானியம் என்று 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதுமையான தொழில்நுட்பத்தில் இறங்குவோர் வங்கிக் கடனுக்கு முன் தமிழக அரசின் அமைப்பான ஸ்டார்ட்அப் டி.என். வழங்கும் டான்சீட் ஆதார நிதிக்கு முயல வேண்டும்.

இனி, எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான திட்ட அறிக்கை. பெரும்பாலான விண்ணப்பங்களின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது. யாரோ தட்டச்சு செய்து தரும் மாதிரி அறிக்கையைக் கொடுத்துவிட்டு, மேலாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்லத் தெரியாமல் நிற்பதைவிட, எண்களைத் தாமே உட்கார்ந்து எழுதிவிட்டுப் பட்டயக் கணக்கரிடம் காட்டுவது மேல். முந்திரியையே எடுத்துக்கொள்வோம். அறுவடை கோடையோடு முடிந்துவிடும்; ஆண்டு முழுவதும் கூடம் ஓட வேண்டுமானால் அப்போதே கொட்டை வாங்கி இருப்பு வைக்க வேண்டும், அல்லது இறக்குமதியாகும் ஆப்பிரிக்கக் கொட்டையை வாங்க வேண்டும். இயந்திரத்துக்கே முழுத் தொகையையும் எழுதிவிட்டு, கொட்டை வாங்கப் பணமின்றிக் கந்துவட்டிக்குப் போகும் தொழில்கள் அந்த வட்டியிலேயே மூழ்குகின்றன. எனவே நடைமுறை மூலதனத்தைத் தனியே, மாதவாரியாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். தவணை தொடங்கும் காலத்தையும் முதல் பருவத்து விற்பனைப் பணம் வந்த பிறகு அமையுமாறு கேட்டுப் பெற வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் இம்மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாம் அறிவோம். காப்பீட்டில் இயந்திரத்துடன் சரக்கிருப்பும், புயல், வெள்ளம் இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கிளைக்குச் செல்லும் முன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டத் தவறிய செல்போன் தவணையோ, பிறருக்குப் பிணை நின்ற கடனோ அதில் இருந்தால் முதலில் தீர்த்துவிடுவது நல்லது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு கட்டணமின்றி ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் செய்யக்கூடியது. மானிய விண்ணப்பத்துக்கும் அரசு பணம் வாங்குவதில்லை. கமிஷன் கேட்டு வரும் தரகர்களால் கிளையின் முடிவை மாற்ற முடியாது.

கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைத் தருவது வங்கியின் கடமை. காரணம் திருத்தக்கூடியதாக இருந்தால் திருத்தி மீண்டும் கொடுக்கலாம், வேறு வங்கியையும் நாடலாம். பதிலே வராமல் விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரிடம் மனு கொடுக்க வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் முன்னோடி வங்கி இந்தியன் வங்கிதான். வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து 30 நாட்கள் கடந்தும் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் முறையிடலாம். கடன் தரலாமா கூடாதா என்ற வணிக முடிவில் அவர் தலையிடமாட்டார். தாமதத்தையும் சேவைக் குறைபாட்டையும் விசாரிப்பார். அதற்கு விண்ணப்பித்த நாளுக்கான ஒப்புகைச் சீட்டு கட்டாயம் தேவைப்படும் என்பதால், கிளையில் படிவம் கொடுக்கும்போதே நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.