பாட்காஸ்ட்டில் கேட்டது உண்மைதானா? ஒரே ஒரு கூற்றை எடுத்துச் சரிபார்த்துப் பழகுவோம்

பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கூடவே வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசுகிறவர் "ஆராய்ச்சியிலேயே நிரூபித்திருக்கிறார்கள்" என்பார். எந்த ஆராய்ச்சி என்று நாம் யோசிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். படிக்கும்போது என்றால் கண் தானாகவே பின்னால் போய் அந்த வரியை மறுபடி பார்க்கும். காதுக்கு அந்த வசதி கிடையாது, அடிக்குறிப்பும் கிடையாது. அறிவியல், உடல்நலம், உளவியல் என்று பேசும் நிகழ்ச்சிகளில் சரியும் தவறும் கலந்து உள்ளே வருவது இப்படித்தான்.

கேட்கிற எல்லாவற்றையும் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. எல்லாமே பொய் என்று ஒதுக்குவதிலும் பயனில்லை. எல்லாவற்றையும் நம்புகிறவரைப் போலவே அப்படி ஒதுக்குகிறவரும் எதையும் தேடிப் பார்ப்பதில்லை. ஒரு எபிசோடுக்கு ஒரு கூற்று போதும். போனில் குறிப்பு எழுத ஓர் இடம், இணையம், அரை மணி நேரம். இவ்வளவுதான் தேவை.

படி 1: கூற்றைப் பிடித்து எழுதுங்கள்

வியப்பாக ஏதாவது காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். எந்த எபிசோட், எத்தனையாவது நிமிடம், யார் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பின்னால் போய் மறுபடி கேட்டு, சொன்னவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் "சிலருக்கு உதவலாம்" என்று அவர் சொன்னது "எல்லோருக்கும் உதவும்" என்று மாறிவிடும். அப்புறம் அவர் சொல்லாத ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

எழுதியதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது தவறாக இருந்தால் அது எப்படித் தெரியவரும்? "இந்தப் பொடி உடலின் சமநிலையை மீட்டுத் தரும்" என்பதை எடுத்துக்கொள்வோம். எந்தச் சமநிலை, அதை எதைக் கொண்டு அளப்பது? பதில் இல்லை. அப்படியானால் சரிபார்க்க அதில் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம். "தினமும் வைட்டமின் சி மாத்திரை போட்டால் சளி பிடிக்காது" என்பது வேறு வகை. போட்டவர்களையும் போடாதவர்களையும் பிரித்து, எத்தனை பேருக்குச் சளி பிடித்தது என்று எண்ணிவிட முடியும். நமக்கு வேண்டியது இந்த வகைக் கூற்று.

படி 2: குரலைத் தனியே பிரித்து வையுங்கள்

எரின் நியூமன், நார்பர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். விஞ்ஞானிகளின் ஒரே பேச்சைச் சிலருக்குத் தெளிவான ஒலியிலும் மற்றவர்களுக்கு மோசமான ஒலியிலும் போட்டுக் காட்டினார்கள். பேச்சில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் ஒலி மோசமாக இருந்தபோது அந்த ஆய்வும் சுமாரானது, அதைச் செய்தவரும் அவ்வளவு திறமையானவர் இல்லை என்றே கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். நல்ல மைக் வாங்கியவருக்கு நாம் தெரியாமலே கூடுதல் மதிப்பெண் போடுகிறோம் என்றுதானே அர்த்தம்!

பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. வாரம் தவறாமல் காதுக்குள் பேசுகிறவர் நாளடைவில் நண்பர் மாதிரி ஆகிவிடுகிறார். நண்பரிடம் போய் யாராவது ஆதாரம் கேட்பார்களா?

எனவே கூற்றை எழுத்தில் பாருங்கள். பல செயலிகளில் இப்போது பேச்சின் எழுத்து வடிவம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் படி 1இல் எழுதிய வாக்கியத்தையே, முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய செய்தியாக நினைத்துப் படியுங்கள். முன்பிருந்த அதே நம்பிக்கை இப்போதும் இருக்கிறதா?

படி 3: பேசுகிறவர் யார், என்ன விற்கிறார்?

நிகழ்ச்சியின் விளம்பரதாரர் யார், விருந்தினருக்குச் சொந்தமாக மாத்திரையோ பயிற்சி வகுப்போ இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறார் என்பதாலேயே அவர் சொல்வது பொய் ஆகிவிடாது. கொஞ்சம் கூடுதலாக ஆதாரம் கேட்கலாம், அவ்வளவுதான்.

பட்டத்தைப் பார்த்து மயங்குவதுதான் பெரிய பொறி. லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பரிசு வாங்கியவர். இரண்டையும் யாரோடும் பகிராமல் தனியாகவே பெற்றார். அவர் 1970 முதல் வைட்டமின் சி அதிக அளவில் எடுத்தால் சளி வராது என்று ஊர் அறியச் சொல்லிவந்தார். அப்புறம் நடந்த சோதனைகளையெல்லாம் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பொதுவான மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. தினமும் எடுத்துவந்த வயதுவந்தவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் மட்டும் சுமார் 8 சதவீதம் குறைந்தது. மாரத்தான் ஓடுகிறவர்கள் மாதிரி உடலைக் கடுமையாக வருத்திக்கொள்கிறவர்களிடம் மட்டும் சளி பிடிப்பதே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. "முழுப் பொய்" என்றும் சொல்ல முடியாது, பாலிங் சொன்னது சரி என்றும் சொல்ல முடியாது. நீங்கள் தேடும் பல கூற்றுகள் கடைசியில் இப்படித்தான் வந்து நிற்கும்.

படி 4: வந்த வழியே பின்னால் போங்கள்

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு கூற்றைப் பத்துப் பேர் சொல்கிறார்கள் என்றால் பத்து ஆதாரம் இருக்கிறது என்று தோன்றும். பல நேரம் பத்துப் பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவர்களாக இருப்பார்கள். புத்தகம் வெளியிட்ட விருந்தினர் ஒருவர் ஒரே மாதத்தில் ஏழெட்டு நிகழ்ச்சிகளில் அதே கதையைச் சொல்வார். நாம் மூன்றில் கேட்டிருப்போம். திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை மாதிரியே தோன்றும் என்பதை 1977லேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு பிரபலமான உதாரணம். "மனிதர்களின் கவனம் 2000இல் 12 விநாடி இருந்தது, 2013இல் 8 விநாடியாகச் சுருங்கிவிட்டது. தங்கமீனுக்கே 9 விநாடி!" இதை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். பிபிசி ரேடியோ 4இன் 'மோர் ஆர் லெஸ்' என்ற நிகழ்ச்சி, புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பதையே வேலையாக வைத்திருப்பது. 2017இல் அவர்கள் இந்த எண்ணின் பின்னாலேயே போனார்கள். செய்தித்தாள்கள் எல்லாம் மைக்ரோசாப்ட்டின் கனடா பிரிவு 2015இல் வெளியிட்ட ஒரு அறிக்கையைக் காட்டின. அந்த அறிக்கையைத் திறந்தால், எண் மைக்ரோசாப்ட் அளந்ததே அல்ல, ஒரு புள்ளிவிவர இணையதளத்திலிருந்து எடுத்தது. அந்தத் தளம் அமெரிக்காவின் தேசிய உயிரித் தொழில்நுட்பத் தகவல் மையத்தையும் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தையும் காட்டியது. அவர்களைக் கேட்டால், அப்படி ஒரு ஆய்வு தங்களிடம் இருப்பதாகவே தெரியவில்லை என்று பதில் வந்தது. அதோடு வழி முடிந்துவிட்டது. கவனத்தை ஆராயும் உளவியலாளர்களோ, செய்யும் வேலையைப் பொறுத்துக் கவனம் மாறும், அதற்குப் பொதுவாக இத்தனை விநாடி என்று அளவு வைப்பதே பொருந்தாது என்றார்கள்.

நீங்களும் இதையே செய்யலாம். எபிசோடின் குறிப்புப் பகுதியில் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கூற்றின் முக்கியச் சொற்களோடு "ஆய்வு" என்று சேர்த்துத் தேடுங்கள். ஆங்கிலம் வாசிக்க முடிந்தால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர், பப்மெட் தளங்கள் இரண்டும் இலவசம். செய்தி கிடைத்தால் அதற்குள் இருக்கும் இணைப்பைச் சொடுக்குங்கள், அங்கிருந்து அடுத்ததை. மூல ஆய்வு வரும்வரை அல்லது வழி அடைபடும்வரை நிறுத்தாதீர்கள். வழி அடைபட்டால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், எழுதி வையுங்கள்.

படி 5: ஆய்வைத் திறந்து பாருங்கள்

முழுக் கட்டுரையும் புரிய வேண்டியதில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தில் மூன்று விஷயம் தேடினால் போதும்: சோதனை மனிதர்களிடமா எலிகளிடமா, எத்தனை பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா. அப்புறம் அந்த ஆய்வின் பெயரை மறுபடி தேடி, வேறு யாராவது அதைத் திரும்பச் செய்து பார்த்தார்களா என்று பாருங்கள்.

கையை விரித்து நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன்களே மாறும் என்ற கூற்று 2010இல் வந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் 42 பேர். 2015இல் வேறொரு குழு 200 பேரை வைத்து அதையே செய்தது. ஹார்மோன்களில் மாற்றம் இல்லை. வலிமையாக உணர்கிறோம் என்று மட்டும் கலந்துகொண்டவர்கள் சொன்னார்கள். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016இல், அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று அறிவித்தார். அந்த நேர்மைக்கு என் மரியாதை. ஆனால் பழைய கூற்று இன்னும் காற்றில் உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

படி 6: "இரண்டு மடங்கு" என்றால், எதில் இரண்டு மடங்கு?

காதால் கேட்கும்போது நம்மை அதிகம் ஏமாற்றுவது சதவீதம். 1995 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வெளியானது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது. கணக்கில் தவறில்லை. பழைய வகை மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 7,000 பேரில் ஒருவருக்கு இருந்த ஆபத்து, புதிய வகையில் 7,000 பேரில் இருவருக்கு என்று ஆனது. ஆனால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் போய்ச் சேர்ந்தது "இரண்டு மடங்கு" மட்டும்தான். பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடுகிறார்கள். இத்தனைக்கும், இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து கர்ப்பத்தில் அந்த மாத்திரையைவிட அதிகம்.

அதனால் "இத்தனை சதவீதம் கூடும்" என்று கேட்டதும் பேப்பரில் இரண்டு எண் எழுதுங்கள்: முன்பு எத்தனை பேரில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேரில் எத்தனை பேர். அந்த இரண்டும் எபிசோடில் இல்லையென்றால் ஆய்வில் தேடுங்கள். எங்கேயும் கிடைக்கவில்லையென்றால் அந்தச் சதவீதத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். மருந்து விஷயமாக இருந்தால், நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 7: முடிவை ஒரு வரியில் எழுதுங்கள்

உண்மை, பொய் என்று இரண்டே கட்டம் போடாதீர்கள். "வலுவான ஆதாரம் உண்டு", "கொஞ்சம் உண்டு, மிகைப்படுத்திச் சொல்கிறார்கள்", "ஆதாரம் கிடைக்கவில்லை", "எதிரான ஆதாரம் உண்டு" என்று நான்கு வைத்துக்கொண்டால் வசதி. தேதியும் போடுங்கள், புதிய ஆய்வு வந்தால் மாற்றலாம்.

பழகிக்கொள்ள எங்கே போவது?

ஆங்கிலம் கேட்க முடிந்தவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகள். 'சயின்ஸ் வெர்சஸ்' எபிசோடுகளின் எழுத்து வடிவத்தை மேற்கோள் எண்களோடு வெளியிடுகிறார்கள், படி 4க்கு அருமையான பயிற்சி. 'தி ஸ்கெப்டிக்ஸ் கைடு டு தி யுனிவர்ஸ்' 2005இலிருந்து வருகிறது, நடத்துகிறவர் நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் நொவெல்லா. அதில் ஒரு விளையாட்டு உண்டு: பெரும்பாலும் மூன்று அறிவியல் செய்திகளைச் சொல்வார், அவற்றில் ஒன்று அவரே புனைந்தது, எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். விடை சொல்வதற்கு முன் நிறுத்தி, உங்கள் விடையையும் காரணத்தையும் எழுதிவிட்டு மேலே கேளுங்கள். விடை சரியாக இருந்து காரணம் தவறாக இருக்கும் தருணங்கள்தான் இதில் சுவாரசியம்.

இந்த நிகழ்ச்சிகள் மூடநம்பிக்கையை எதிர்ப்பவை என்பதற்காக அவற்றுக்குச் சலுகை கொடுக்க வேண்டாம். நமக்குப் பிடித்த கருத்தைச் சொல்கிறவரை நாம் சோதிப்பதே இல்லை. அதனால் முதல் பயிற்சிக்கு நீங்கள் தலையாட்டிக்கொண்டே கேட்கும் நிகழ்ச்சியிலிருந்தே ஒரு கூற்றை எடுங்கள். ஆதாரம் கிடைக்கவில்லையென்றால் நிகழ்ச்சிக்கே எழுதிக் கேட்கலாம்: "இந்த எபிசோடில் இத்தனையாவது நிமிடத்தில் இப்படிச் சொன்னீர்கள், எந்த ஆய்வு என்று தெரிவிக்க முடியுமா?" குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். சிலர் இணைப்பை அனுப்புவார்கள், சிலர் அடுத்த எபிசோடில் திருத்திக்கொள்வார்கள், சிலரிடமிருந்து பதிலே வராது. எந்தப் பதில் வந்தது என்பதையும் குறிப்பில் அந்தக் கூற்றுக்குக் கீழேயே எழுதி வையுங்கள்.