குத்துச்சண்டையில் முழுமை பெறுவதற்கான பயிற்சி

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கையுறை அணியும் இளைஞர்களில் பெரும்பாலானோர் முதல் நாளிலேயே வலக்கைக் குத்தின் பலத்தைக் காட்ட விரும்புகிறார்கள். தொங்கும் மூட்டை அதிர்ந்து ஆடினால் பார்த்து நிற்பவர்கள் வியப்பார்கள்; ஆனால் மூட்டை திருப்பிக் குத்துவதில்லை. குத்திய கையை உடனே முகத்தருகே மீட்டு, கால்நிலை குலையாமல், எதிராளியின் மறுகுத்துக்கு ஆயத்தமாக நிற்பவரையே நான் முழுமையான வீரர் என்பேன். பயிற்சி முழுவதையும் அந்த ஒரு கணத்தைச் சுற்றியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கால்களிலிருந்து தொடங்குங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, பாதங்களுக்கிடையே தோளகலம் விட்டு, பின்குதியைச் சற்றே உயர்த்தி, முழங்கால்களை இளக்கி நிற்க வேண்டும். முன்னேறும்போது முன்காலும் பின்வாங்கும்போது பின்காலும் முதலில் நகர வேண்டும்; கால்கள் ஒன்றையொன்று கடக்கவோ ஒட்டிக்கொள்ளவோ கூடாது. காலையில் முற்றத்தைக் கூட்டியவுடன் அந்த மணலில் வெறுங்காலுடன் மூன்று நிமிடம் நகர்ந்துவிட்டுச் சுவடுகளைக் குனிந்து பாருங்கள். இரண்டு சுவடுகள் எங்கே நெருங்கிக் கிடக்கின்றனவோ, அங்கே ஒரு சிறு தள்ளலுக்கே நீங்கள் விழுந்திருப்பீர்கள். இவ்வளவு நேர்மையாகப் பிழை சொல்லும் பயிற்றுநரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்தது ஜப் எனப்படும் இடக்கை நேர்க்குத்து. தூரத்தை அளப்பதும், எதிராளியின் பார்வையை மறைப்பதும், வலக்கைக்கு வழி திறப்பதும் அதுவே. நீட்டிய பாதையிலேயே கை திரும்ப வேண்டும். என் முதற் போட்டியில் நான் ஒவ்வொரு முறையும் இடக்கையை மார்புக்குக் கீழே தாழ்த்தித் திரும்ப எடுத்தேன். இரண்டாம் சுற்றில் அந்தத் திறப்பினூடாக வந்த வலக்கைக் குத்தை நான் காணவேயில்லை.

ஜப் என்ன செய்யவல்லது என்பதற்கு அமெரிக்க அதிபார எடை வீரர் ஜோர்ஜ் ஃபோர்மனின் வாழ்வே சான்று. 1974 இல் கின்ஷாசாவில், பெரும்பலம் கொண்ட அவர் முகமது அலியைத் தொடர்ந்து குத்திக் களைத்து, எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். இருபது ஆண்டுகளின் பின், 1994 இல், 45 வயதில் அன்றைய உலக வாகையர் மைக்கேல் மூரரை எதிர்கொண்டபோது, புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் பதறாமல் ஜப்பைப் போட்டுக்கொண்டேயிருந்து, பத்தாம் சுற்றில் நேரான வலக்கைக் குத்தினால் வென்றார். பலம் முன்பே இருந்தது. பொறுமை பின்னர் சேர்ந்தது.

தற்காப்பைத் தனிப் பாடமாகக் கருதாதீர்கள். உடுப்புக்கொடியைத் தோளுயரத்தில் கட்டி, முழங்காலை மடக்கி அதன் கீழே இடமும் வலமுமாகத் தலையைக் கொண்டுசென்றபடி முன்னேறுங்கள். இடுப்பை வளைத்து நிலத்தைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை மறுபக்கம் எழும்போதும் ஒரு குத்து புறப்பட வேண்டும். வலப்பக்கம் எழுந்தால் உடற்பாரம் வலக்காலில் இருக்கும். அங்கிருந்து வலக்கைக் குத்து இயல்பாக வரும். இடப்பக்கம் எழுந்தால் விலாவுக்கு இடக்கை ஹூக், அதாவது முழங்கையை மடித்துப் பக்கவாட்டில் வீசும் குத்து. இது பழகியபின், நீட்டிய கையின் தூரம், முழங்கை மடங்கிய தூரம், நெஞ்சோடு நெஞ்சு நெருங்கிய தூரம் ஆகிய மூன்றிலும் சண்டையிடப் பழகுங்கள். ஒரு தூரத்தில் மட்டுமே வல்லவரை மற்றொன்றுக்கு இழுத்துச் சென்றால் வென்றுவிடலாம்.

உடல் வலுவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெச்சூர் போட்டியில் பொதுவாக மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று, இடையே ஒரு நிமிட ஓய்வு. கயிறடித்தலையும் மூட்டைப் பயிற்சியையும் இதே கணக்கில் செய்யுங்கள். ஓட்டத்துக்கு, யாழ் நகரிலிருந்து தீவுப்பக்கம் செல்லும் பண்ணைப் பாலம் நல்லது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் போகும்போது காற்று நெஞ்சில் அடிக்கும், அந்த எதிர்ப்பிலும் மூச்சைச் சீராக வைக்கப் பழகலாம். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

நம் இளைஞர்களில் மெலிந்த உடல்வாகினர் பலர், அது குறையன்று. 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுகளில் (இன்றைய பொதுநலவாய விளையாட்டுகள்) இலங்கைக்குத் தங்கம் வென்ற பானி ஹென்றிகஸ் இறகு எடைப் பிரிவினர். தண்ணீர் குடியாமல் எடை குறைத்துக் கீழ்ப்பிரிவில் இறங்குவதைவிட இயல்பான எடையில் மோதுவதே பாதுகாப்பு.

இணையுடன் மோதிப் பழகும்போது பற்காப்பு இல்லாமல் இறங்கவே கூடாது. பெரும்பாலான நாட்களில் பாதி வேகம் போதும். ஒரு சுற்றில் இருவரும் ஜப் மட்டும், மறுசுற்றில் ஒருவர் தாக்க மற்றவர் தடுக்க மட்டும் என்று வரம்பிட்டுக்கொண்டால் கற்பது அதிகம். தலையில் அடிபட்டபின் மயக்கமோ, வாந்தியோ, பார்வைக் குழப்பமோ தோன்றினால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் அனுமதிக்கும்வரை கொடிக்கு அடியில் குனிவதைக்கூடத் தள்ளிவையுங்கள்.