துருக்கியின் கோபத்தை எப்படி வாசிப்பது

2021 அக்டோபர் 23, சனிக்கிழமை. அப்போது நான் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருந்தேன். எஸ்கிஷெஹிர் நகரில் பேசிய துருக்கி அதிபர் எர்துவான், பத்து நாடுகளின் தூதர்களை ‘வேண்டாதவர்கள்’ என்று அறிவிக்கும்படி வெளியுறவு அமைச்சரிடம் சொல்லிவிட்டதாகக் கூறினார். சிறையிலிருந்த துருக்கித் தொழிலதிபரும் சமூகச் செயல்பாட்டாளருமான ஒஸ்மான் கவாலாவை விடுவிக்கக் கேட்டு அந்தத் தூதர்கள் கூட்டறிக்கை விட்டிருந்தார்கள். பத்தில் ஏழு நாடுகள் அப்போதே நேட்டோ ராணுவக் கூட்டணியில் துருக்கியின் கூட்டாளிகள். ‘பத்துத் தூதர்களை வெளியேற்றியது துருக்கி’ என்று தலைப்பு வைத்தேன். திங்கட்கிழமை, தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கையின் 41-ஆம் பிரிவைக் கடைப்பிடிக்கிறோம் என்று தூதரகங்கள் எழுதின. உள்நாட்டு விவகாரங்களில் தூதர்கள் தலையிடக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. எர்துவான் அதை ஏற்றுக்கொண்டார். ஒரு தூதரும் பெட்டி கட்டவில்லை.

மேடைப் பேச்சை நடந்து முடிந்த செயலாக எழுதியது என் தவறு. அதற்குப் பிறகு துருக்கிச் செய்தி எது வந்தாலும் ஒரு முறையோடுதான் வாசிக்கிறேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, காகிதத்தைத் தேடுவது. அறிவிப்பு, ஆணை, நாடாளுமன்ற வாக்கு, கையெழுத்தான ஒப்பந்தம் என ஏதாவது ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் ‘சொன்னார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துருக்கி நேட்டோவை விட்டுப் போகப்போகிறது என்று பல வருடங்களாகக் கட்டுரைகள் வருகின்றன. 1952-இல் சேர்ந்த அந்த நாடு இன்றுவரை விலகல் கடிதம் எதையும் கொடுத்ததில்லை.

இரண்டாவதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். சண்டை எந்த வகை என்று பிரிக்க வேண்டும். துருக்கியின் சில சண்டைகளுக்கு விலை உண்டு. கேட்டது கிடைத்தால் முடிந்துவிடும். வேறு சில, பழைய வடுவிலிருந்து வருபவை. அங்கே எதைக் கொடுத்தாலும் வலி ஆறாது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் செய்தியாளர்கள் மட்டுமல்ல, வாஷிங்டனில் இருப்பவர்களும் தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

வடு என்றால், கிரேக்கர்களும் துருக்கியர்களும் வாழும் தீவான சைப்ரஸிலிருந்து தொடங்குங்கள். 1964 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜான்சன் துருக்கிப் பிரதமர் இஸ்மெத் இனோனுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். துருக்கி சைப்ரஸில் படை இறக்கி, அதனால் சோவியத் யூனியன் தலையிட்டால், நேட்டோ நாடுகள் துருக்கியைக் காக்க வருமா என்பதே கேள்விக்குறி என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. கூட்டாளி ஆபத்தில் கைவிடலாம் என்பதைத் துருக்கித் தலைநகர் அங்காரா எழுத்தில் பார்த்தது அப்போதுதான். 1974-இல் துருக்கி சைப்ரஸில் படையை இறக்கியே விட்டது. 1975 பிப்ரவரியில் அமெரிக்கா ஆயுதத் தடை போட்டது. பதிலுக்குத் துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களின் வேலையை நிறுத்தியது. தடை 1978-இல்தான் நீங்கியது. ராணுவ மின்னணுச் சாதனங்கள் செய்யும் அசெல்சான் நிறுவனம் பிறந்ததும் அதே 1975-இல். இன்று துருக்கி சொந்தமாக ட்ரோன் செய்து விற்கிறதே, அந்தப் பிடிவாதத்தின் வேர் இங்கே இருக்கிறது.

குர்துகள் விவகாரமும் வடுதான். துருக்கி அரசை எதிர்த்து ஆயுதமேந்திப் போராடிய குர்து அமைப்பான பிகேகே, அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலிலும் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலிலும் உண்டு. அப்படியிருக்க, சிரியாவில் ஐஎஸ் அமைப்பை எதிர்க்க ஒய்பிஜி குர்துப் படைக்கு 2017-இல் அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது. அங்காராவின் கண்ணில் பிகேகேயும் ஒய்பிஜியும் ஒரே அமைப்பு. அமெரிக்காவுக்கு ஐஎஸ்ஸை எதிர்த்துத் தரையில் போரிட ஆள் தேவைப்பட்டது என்பதும் உண்மை. இரண்டு பக்கத்தையும் எழுதாத செய்தியை நான் பாதிச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

விலையில் தொடங்கி வடுவாக மாறிய சண்டையும் ஒன்று உண்டு: எஸ்-400 என்ற ரஷ்ய வான் பாதுகாப்பு ஏவுகணை. அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பைத் துருக்கி கேட்டது. விலையிலும் தொழில்நுட்பத்தைப் பகிர்வதிலும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2017-இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம். 2019 ஜூலை 12 அன்று முதல் பாகங்கள் அங்காரா அருகே இறங்கின. ஐந்தே நாளில், எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை நீக்குவதாக அமெரிக்கா அறிவித்தது. அந்த விமானத்தின் 900-க்கும் மேற்பட்ட பாகங்களைச் செய்துகொண்டிருந்த நாடு அது. 2020 டிசம்பரில் துருக்கியின் பாதுகாப்புக் கொள்முதல் அமைப்பு மீது தடையும் வந்தது. அங்காரா விலையைத் தவறாகக் கணக்குப் போட்டது என்றே நினைக்கிறேன். ரஷ்ய ராடாரும் எஃப்-35-உம் ஒரே நாட்டில் இருக்க அமெரிக்கா விடாது என்று முன்பே பலமுறை சொல்லியிருந்தார்கள்.

அப்புறம், முடிவெடுப்பவர் அதிபர் ஒருவர்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 2003 மார்ச் 1 அன்று, ஈராக் போருக்காக அமெரிக்கப் படைகளைத் துருக்கி மண்ணில் அனுமதிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 264 பேர், எதிராக 250 பேர் வாக்களித்தார்கள். 19 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. மூன்று வாக்கு குறைந்ததால் தீர்மானம் தோற்றது. 2017-க்குப் பிறகு ஆட்சிமுறை மாறி அதிபரின் கை ஓங்கியது உண்மை. இருந்தாலும் அவை எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கத்தை நான் விடவில்லை.

வரைபடத்தையும் பக்கத்தில் விரித்துக்கொள்ளுங்கள். கருங்கடலுக்குப் போகும் வழியான பாஸ்பரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகள் 1936-ஆம் ஆண்டின் மோன்ட்ரூ உடன்படிக்கைப்படி துருக்கியின் கையில் இருக்கின்றன. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த உடன்படிக்கையைத் துருக்கி பயன்படுத்தியது: தன் தளத்துக்குத் திரும்பும் கப்பல் தவிர, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வழி இல்லை. உக்ரைனுக்கு ட்ரோனும் விற்றது, ரஷ்யா மீதான மேற்கத்தியத் தடைகளில் சேரவும் இல்லை. ரஷ்யாவிடம் எரிவாயு வாங்கிக்கொண்டு கருங்கடலைப் பகிர்ந்து வாழும் நாடு வேறு எப்படி நடந்துகொள்ளும்?

சரி, முறை பிடிபட்டதா என்று சோதிக்க ஸ்வீடன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் ஸ்வீடன் நேட்டோவில் சேர விண்ணப்பிக்கிறது. குர்து அமைப்புகளுக்கு ஸ்வீடன் இடம் கொடுக்கிறது என்று சொல்லித் துருக்கி ஒப்புதல் தர மறுக்கிறது, இது வடு. ஜூன் 28 அன்று மாட்ரிட்டில் துருக்கி, ஸ்வீடன், பின்லாந்து என மூன்று நாட்டு ஒப்பந்தம், இது காகிதம். அதற்குப் பிறகும் இழுபறி, ஏனென்றால் அமெரிக்காவிடம் கேட்ட எஃப்-16 விமானங்கள் வரவில்லை, இது விலை. 2024 ஜனவரி 23 அன்று துருக்கி நாடாளுமன்றம் 287-க்கு 55 என ஒப்புதல் தருகிறது. ஜனவரி 26 அன்று 2,300 கோடி டாலர் எஃப்-16 விற்பனைக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை பச்சைக்கொடி காட்டுகிறது. அதே நாள் இன்னொரு விற்பனைக்கும் ஒப்புதல் வந்தது, அதை நம் பத்திரிகைகளில் அதிகம் பேர் கவனிக்கவில்லை: 40 எஃப்-35 விமானங்கள் வரை, துருக்கியின் பழைய போட்டியாளரான கிரீஸுக்கு.