லோ கார்ப் சாப்பாட்டில் சைட் டிஷ்: கணக்கு உதைக்கிற இடங்கள்

மாவுச்சத்தை (லேபிளில் கார்போஹைட்ரேட் என்று போடுவது, சர்க்கரையும் இதில் சேரும்) குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிட ஆரம்பிக்கிறவர்கள் முதல் சில நாட்கள் மெயின் டிஷ்ஷைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே தப்பு நடக்க வாய்ப்பு குறைவு. முட்டை, மீன், கோழி, கறி எதிலும் மாவுச்சத்து இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். பனீர், சீஸில் கொஞ்சம் உண்டு. கணக்கு உதைப்பது தட்டின் ஓரத்தில் வைக்கிற ஐட்டத்தில். காய்கறிதானே என்று நம்பி எடுத்துப்போடுகிறோம். அதன் மேல் ஊற்றிய சாஸும், கெட்டியாக்கப் போட்ட மாவும், இனிக்க இனிக்க வதக்கிய வெங்காயமும் கணக்கில் வருவதே இல்லை.

கீட்டோ (மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைக்கிற முறை) அளவுக்குக் கண்டிப்பாக இருப்பவர்கள் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்துக்குள் நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்சம் தளர்வாக இருப்பவர்களுக்கு 100 கிராம் வரைகூடப் போகலாம். எந்தப் பக்கம் இருந்தாலும் சைட் டிஷ் ஒன்றில் 15 கிராம் வீணாகப் போனால் அது சின்ன விஷயம் இல்லை.

காலியான இடத்தை நிரப்பப் பார்ப்பது

சோறு போச்சு, ரொட்டி போச்சு, உருளைக்கிழங்கு போச்சு. தட்டில் ஓர் இடம் காலியாகத் தெரிகிறது. உடனே அதே உருவத்தில் ஒன்றைத் தேடுகிறோம்: காலிஃபிளவரைத் துருவிச் சோறு, சுக்கினியை (வெள்ளரி மாதிரி நீளமான ஒரு பூசணி வகை) சீவி நூடுல்ஸ், பாதாம் மாவில் ரொட்டி. இவை எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோறு மாதிரி வைத்தால் நாக்கு சோற்றைத்தான் எதிர்பார்க்கும். காலிஃபிளவர் பாவம், அந்தப் போட்டியில் எப்போதும் தோற்கும். இரண்டு வாரத்தில் சலித்துப்போய், "இந்த டயட்டே நமக்குச் சரிப்படாது" என்று கையைத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப் போலிகளாகவே சாப்பிட்டவர்கள்தான்.

அதே காலிஃபிளவரைப் பெரிய துண்டுகளாக வெட்டி, எண்ணெய் புரட்டி, 220 டிகிரி செல்சியஸ் அவனில் ஓரம் கருகச் சிவக்கும் வரை விட்டு எடுங்கள். மேலே வெண்ணெயும் மிளகும் போதும். அது எதைப்போலவும் நடிக்காது. மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். காயைக் காயாகவே சமைப்பது என் முதல் சிபாரிசு. சோறு மாதிரி, நூடுல்ஸ் மாதிரி செய்வதை வாரத்தில் ஒரு நாளைக்கு வைத்துக்கொண்டால் போதும்.

தண்ணீரை வெளியேற்றாமல் கொழுப்பைச் சேர்ப்பது

மாவுச்சத்து குறைந்த காய்கள் பெரும்பாலும் தண்ணீர் நிறைந்தவை. சுக்கினியில் எடைக்குக் கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர். காளானிலும் காலிஃபிளவரிலும் சுமார் 92. தண்ணீர் உள்ளே இருக்கும் வரை காயின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காய் சிவந்து மணம் வர அதைவிடக் கணிசமான சூடு வேண்டும், ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல். அதனால்தான் வெண்ணெய் போட்டும் கிரீம் ஊற்றியும் சிலருடைய காய் சவசவ என்று, கீழே நீர் தேங்கி, மேலே எண்ணெய் மிதந்து நிற்கிறது. குறை வெண்ணெயில் இல்லை.

காளானை எடுத்துக்கொள்வோம். அகலமான சட்டி, நல்ல தீ. முதலில் எண்ணெயே வேண்டாம். காளானை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இரண்டு நிமிடத்தில் சீறல் சத்தம் வரும், அப்புறம் நீர் விட்டுக் குளம் கட்டும். பதறி மூடி போடாதீர்கள், கிளறிக்கொண்டும் இருக்காதீர்கள். அந்த நீர் வற்றும்போது சத்தம் மாறும்: கொதிக்கிற சத்தம் போய் மறுபடி பொரிகிற சத்தம் கேட்கும். வெண்ணெய் போட வேண்டிய நேரம் அது. உப்பும் பூண்டும் அதற்குப் பிறகுதான். பூண்டை முதலிலேயே போட்டால் காளான் சிவப்பதற்குள் அது கருகிக் கசந்துவிடும். இத்தனை செய்த பிறகு சட்டியில் இருப்பது போட்டதில் பாதிகூட இருக்காது. ஆகவே வாங்கும்போதே கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

சுக்கினிக்கு வேறு வழி. சீவி உப்புத் தூவி கால் மணி நேரம் வடிகட்டியில் விட்டு, சுத்தமான துணியில் போட்டுக் கையால் முறுக்கிப் பிழிய வேண்டும். ஒரு கப் நீர் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதன் பிறகு சட்டியில் இரண்டு நிமிடம் போதும். காலிஃபிளவரை மசிப்பதாக இருந்தால் தண்ணீரில் போட்டு வேகவைக்காமல் ஆவியில் வேகவைத்து, வெறும் சட்டியில் ஓரிரு நிமிடம் உலர்த்திவிட்டு வெண்ணெயும் கிரீமும் சேருங்கள். கத்திரிக்காய் நேர் எதிர். அது பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். கொழுப்பு நல்லதுதானே என்று ஊற்றிக்கொண்டே போனால் வாயில் எண்ணெய் மட்டும்தான் மிஞ்சும். துண்டுகளை முதலில் உப்பிட்டுப் பிழிந்தாலோ, மைக்ரோவேவில் சில நிமிடம் வைத்துத் தளர்த்தினாலோ குடிக்கிற அளவு வெகுவாகக் குறையும்.

மேலே ஊற்றுவதைக் கணக்கில் சேர்க்காதது

சீஸ் சாஸ் போட்ட காலிஃபிளவர் லோ கார்ப் சாப்பாட்டில் நட்சத்திரம் மாதிரி பேசப்படுகிற ஐட்டம். வழக்கமான செய்முறையில் அந்த சாஸ் வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிச் செய்வது. இரண்டு மேசைக்கரண்டி மைதாவில் சுமார் 12 கிராம், ஒரு கப் பாலில் இன்னொரு 12 கிராம். ஆக 24. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 12. தட்டில் இருக்கிற 200 கிராம் காலிஃபிளவரிலோ நார்ச்சத்து போக மிஞ்சுவது 6 கிராம்தான். காயைவிட இரண்டு மடங்கு மாவுச்சத்து அதன் மேல் போர்த்திய போர்வையில் இருக்கிறது!

மாவே வேண்டாம். கொழுப்பு மிகுந்த கிரீமைச் சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பாதியாகச் சுண்டவைத்து, தீயை அணைத்துவிட்டுத் துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் தானாகவே கெட்டிப்படும். 100 மில்லி கிரீமில் ஏறக்குறைய 3 கிராம் மாவுச்சத்துதான். சீஸைக் கொதிக்கிற கிரீமில் கொட்டினால் எண்ணெய் தனியாகப் பிரிந்து திரிதிரியாகும். சாந்தன் கம் (சாஸைக் கெட்டியாக்குகிற ஒரு தூள்) பயன்படுத்துகிறவர்கள் ஒரு கப் திரவத்துக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். போனால் கொழகொழவென்று ஆகிவிடும். சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது நல்லது. பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். மாவுச்சத்து பெரிதாக ஏறாவிட்டாலும் சாஸ் வழவழப்பாக வராது.

இதே வகையில் கண்ணுக்குத் தப்புகிறவை: கெட்சப் (100 கிராமில் கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து, பெரும்பாலும் சர்க்கரை), பால்சமிக் வினிகர், பாட்டிலில் வருகிற சாலட் டிரஸ்ஸிங், வறுத்த காயின் மேல் தூவுகிற ரொட்டித்தூள். சோளமாவு ஒரு மேசைக்கரண்டியில் 7 கிராம். "லோ ஃபேட்" என்று போட்ட தயிரையோ டிரஸ்ஸிங்கையோ தொடவே வேண்டாம். கொழுப்பை எடுத்த இடத்தில் பல நேரம் சர்க்கரையோ ஸ்டார்ச்சோ உட்கார்ந்திருக்கும்.

எல்லாக் காயும் ஒன்று என்று நினைப்பது

மண்ணுக்கு மேலே விளைவது சாப்பிடலாம், கீழே விளைவது வேண்டாம் என்று ஒரு சுலபக் கணக்கு சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் பச்சைப் பட்டாணியும் மக்காச்சோளமும் மேலேதான் விளைகின்றன. பட்டாணியில் 100 கிராமுக்குச் சுமார் 14, சோளத்தில் 19. உருளைக்கிழங்கில் 17 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழே விளைகிற முள்ளங்கியிலோ 3 கிராம் சொச்சம்தான். துண்டு போட்டு வெண்ணெயில் வறுத்தால் காரம் போய் மென்மையாகிவிடும். பலர் கவனிக்காமல் விடுகிற நல்ல சைட் டிஷ் அது.

தைரியமாகத் தட்டை நிறைக்கக்கூடியவை கீரை, சுக்கினி, காளான், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி. பீன்ஸ், வெண்டைக்காய், சிவப்புக் குடைமிளகாய் நடுவில் நிற்கும். கேரட்டும் பீட்ரூட்டும் 10 கிராமுக்கு அருகில், ஆக நிறத்துக்குக் கொஞ்சம். சர்க்கரைவள்ளி "ஆரோக்கியமானது" என்ற பெயரால் உள்ளே வரப் பார்க்கும். அதில் 20 கிராம். பருப்பும் கொண்டைக்கடலையும் நல்ல உணவுதான், ஆனால் இந்தத் தட்டுக்கு உரியவை அல்ல. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 27.

வெங்காயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாலட்டில் நாலு வளையம் போட்டால் யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். பிரச்சினை, வெண்ணெயில் முக்கால் மணி நேரம் பொன்னிறமாக வதக்குகிற அந்த இனிப்பு வெங்காயம். நடுத்தர அளவில் நாலு வெங்காயம் சுண்டி ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். போனது தண்ணீர் மட்டும்தான். 40 கிராம் மாவுச்சத்தும் அந்தக் கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது.

கொட்டைகளிலும் இதே பாகுபாடு. மக்கடேமியா, பீக்கன், வால்நட், பாதாம் ஆகியவற்றை நறுக்கிக் காயின் மேல் தூவினால் மொறுமொறுப்பும் கிடைக்கும், கொழுப்பும் கிடைக்கும். முந்திரி அப்படி இல்லை. 100 கிராமில் 30, நார்ச்சத்தோ வெறும் 3.

நார்ச்சத்தை இரண்டு முறை கழிப்பது

லேபிளைப் பார்த்து மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழிக்கிற பழக்கம் இணையத்தில் படித்து வருவது. அமெரிக்க லேபிளுக்கு அது சரி, அங்கே மொத்த எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடங்கும். ஐரோப்பிய ஒன்றிய லேபிளில் கார்போஹைட்ரேட் என்று போடுகிற எண்ணிலேயே நார்ச்சத்து கழிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து மறுபடி கழித்தால் பாதாம் மாவில் மைனஸில் விடை வரும். மைனஸ் வந்தால் தப்பு உடனே தெரிந்துவிடும். வராத பொருளில்தான் தெரியாமலே போகும். சந்தேகமாக இருந்தால் சமைக்காத பாதாம், காலிஃபிளவர் மாதிரி எண் தெரிந்த ஒரு பொருளின் லேபிளைப் பார்த்து எந்த முறை என்று பிடித்துவிடலாம்.

மெயினைப் பார்க்காமல் கொழுப்பைக் குவிப்பது

நிறைய கொழுப்பு என்றதும் எல்லாத் தட்டிலும் எல்லாமே வழிய வேண்டும் என்று ஒரு ஆவேசம் வந்துவிடுகிறது. கொழுப்பு ஓடுகிற பன்றிக்கறி, பக்கத்தில் கிரீமில் வெந்த கீரை, அதன் மேல் சீஸ். நாலு வாய்க்கு மேல் இறங்காது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. எடை குறைய வேண்டும் என்று இந்த வழிக்கு வந்தவர்களுக்கு இது வேறு வகையில் இடிக்கும்.

என் கணக்கு இது: சைட் டிஷ்ஷை மெயின் முடிவான பிறகுதான் யோசிப்பேன். மெயின் கொழுப்பாக இருந்தால் பக்கத்தில் புளிப்பும் மொறுமொறுப்பும். எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் கொஞ்சமாகப் புரட்டிய முட்டைக்கோஸ், வினிகரில் ஊறிய வெள்ளரி, ஆவியில் லேசாக வெந்த பீன்ஸ். மெயின் தோல் நீக்கிய கோழி நெஞ்சோ வெள்ளை மீனோ என்றால் கொழுப்பைச் சைட் டிஷ் சுமக்கட்டும். கிரீம் கீரை, சீஸ் காலிஃபிளவர், அவகாடோ சாலட் எல்லாம் அங்கேதான் பொருந்தும்.

எதிர்த் தவறும் உண்டு. சாலட்டை எண்ணெயே இல்லாமல் வெறும் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறார்கள். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. கீரை, தக்காளியில் இருக்கிற நிறமிச் சத்துகளும் கொஞ்சம் கொழுப்போடு போனால்தான் நன்றாக உடலில் சேரும்.

எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். தீ அதிகமான வேலைக்கு நெய்யோ எண்ணெயோ, இறக்கும்போது வெண்ணெய். வெண்ணெயில் இருக்கிற பால் பகுதி சீக்கிரம் கருகும். எல்லாமே வெண்ணெயும் கிரீமும் என்று போனால் சிலருக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு ரத்தத்தில் நன்றாக ஏறுகிறது. ஆலிவ் எண்ணெய், அவகாடோ, கொட்டைகளையும் கலந்து வைத்துக்கொண்டு, சில மாதத்தில் ரத்தம் பார்த்துவிடுவது உத்தமம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மாவுச்சத்து குறையும்போது இன்சுலினும் குறையும், சிறுநீரகம் சோடியத்தையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரத்துத் தலைவலியும் சோர்வும் பல நேரம் இதனால்தான். அந்த நாட்களில் காயை உப்பில்லாமல் சப்பென்று சாப்பிட்டு வீரம் காட்ட வேண்டியதில்லை. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எஸ்ஜிஎல்டி2 என்கிற வேறு வகைச் சர்க்கரை மாத்திரையில் கீட்டோ அமிலத்தன்மை (ரத்தத்தில் அமிலம் ஏறுவது) என்ற வேறு ஆபத்து. மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு முதலில் மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் தட்டை மாற்ற வேண்டும்.

கடைசியாக, மொத்தமாகச் சமைத்து வைக்கிறவர்களுக்கு. கிரீம் சாஸ் மறுநாள் மைக்ரோவேவில் முழு வேகத்தில் வைத்தால் பிரிந்துவிடும். சிறு தீயில் ஒரு கரண்டி புது கிரீம் விட்டுக் கிளறினால் சேர்ந்துகொள்ளும். வறுத்த காயைச் சூடான சட்டியில் மூடாமல் புரட்டுங்கள். மயோனைஸ் போட்ட முட்டைக்கோஸ் சாலட் இரவிலேயே நீர் விட்டுவிடும், அதனால் காயைத் தனியாகவும் டிரஸ்ஸிங்கைத் தனியாகவும் வைத்துச் சாப்பிடும் நேரத்தில் கலந்துகொள்ளுங்கள். அவகாடோவை மட்டும் முன்கூட்டி வெட்டவே வேண்டாம்.